ஒன்பது பாகை

மேட்டுநிலையம், செவ்வாய்க் கிரகம்
பணிக்குறிப்பு. எழுதுபவர்: அறிவுக்கரசி, வயது 51. வானியல், தகவல் தொடர்பு.

நாள் 396 — 08:10

வெளி வெப்பம் மைனஸ் 61. உள் அழுத்தம் சரி. சூரியப் பலகைகளின் மின்சாரம் வழக்கத்தில் முப்பத்தெட்டு சதவீதம். புழுதிப் புயல் தொடங்கி இன்று எட்டாம் நாள். வானம் முழுக்கக் காவி. சூரியன் எங்கே என்று ஊகிக்கத்தான் முடிகிறது.

பள்ளநிலையத்துக்கு நேற்று அனுப்பிய கோணங்கள்: ஐந்து.

இந்தக் கடைசி வரி பின்னால் வந்து படிப்பவருக்குப் புரியாது. விளக்கிவிடுகிறேன். இந்தக் கிரகத்தில் இப்போது இரண்டு பேர்தான். மேட்டில் நான், தொலைநோக்கியோடும் பெரிய டிஷ்ஷோடும். அறுபது கிலோமீட்டர் தள்ளி, பள்ளத்தாக்கின் அடியில், தரைக்குக் கீழே பனிக்கட்டி தோண்டுகிறார் சதக்கத்துல்லா. ஊர் காயல்பட்டினம், வயது 44. என்னை ‘ராத்தா’ என்பார். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

சதக் ஐந்து வேளை தொழுபவர். தொழ மக்காவின் திசை வேண்டும். மக்கா பூமியில் இருக்கிறது. பூமியோ இந்த வானத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு புள்ளி. ஆகவே வேளைக்கு ஒருமுறை, பூமி வடக்கிலிருந்து எத்தனை பாகை தள்ளி, எவ்வளவு உயரத்தில் என்று நான் கணக்கிட்டு அனுப்புகிறேன். அவர் தரையில் பெயிண்டால் பெரிய வட்டம் வரைந்து பாகைகளைக் குறித்து வைத்திருக்கிறார். என் எண் வந்ததும் பாயை அதன்படி திருப்பிப் போடுவார். உயரம் எதற்கு என்று கேட்டேன். தொழுது முடித்ததும் ஊர் இருக்கும் இடத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கவாம். பார்ப்பது கூரையைத்தான்.

நான் கடவுள் மறுப்பாளர் வீட்டுப் பெண். தாலி இல்லாமல் மேடையில் மாலை மாற்றிக்கொண்டவர்களின் மகள். தொழுகைக்குத் திசை சொல்லும் வேலை எனக்கு. அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

பள்ளத்திலிருந்து, 08:02: “அல்லாஹ்வுக்குத் திசை வேண்டியதில்ல ராத்தா. எந்தப் பக்கம் பாத்தாலும் தொழுகை கூடும், செல்லும்னு எங்க ஊரு ஆலிம் சொல்லிட்டாரு. எனக்குத்தான் வேணும். தெரியுற வழி இருக்கும்போது தெரியாத மாதிரி நிக்க மனசு ஒப்ப மாட்டேங்கு.”

நாள் 401 — 14:30

மின்சாரம் முப்பத்தொரு சதவீதம். மற்றவை சரி.

பூமியிலுள்ள மையத்திலிருந்து மாதாந்தர மனநல அறிக்கை வந்தது: “பள்ளம்: 94. மிகவும் நிலையாக இருக்கிறார். மேடு: 61. தூக்கம், கோபம் இரண்டையும் கவனிக்கவும். சதக்கத்துல்லாவுடன் கூடுதல் நேரம் பேசுமாறு பரிந்துரைக்கிறோம்.”

மாத்திரை எழுதிக் கொடுப்பது போல அந்த மனிதரை எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு ஜன்னல்கூடக் கிடையாது. நான்கு எட்டு வைத்தால் எதிர்ச்சுவர். எப்படி ஐயா தொண்ணூற்று நாலு என்று கேட்டேவிட்டேன்.

பள்ளம், 14:11: “தனியா இருந்தாத்தானே ராத்தா மார்க்கு கொறையும்? எனக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கே.”

என்னைச் சொல்கிறாராக்கும் என்று அரை நொடி மகிழ்ந்தேன். என்னைச் சொல்லவில்லை.

நான் பூமிக்கு ஒரு கேள்வி அனுப்பினால் நாற்பது நிமிடத்தில் பதில் வருகிறது. அவர் ஒரு நாளைக்கு ஐந்து முறை பேசுகிறார், ஒரு பதிலும் வருவதில்லை, அவர் காத்திருப்பதும் இல்லை. ஆனால் தனியாக இருப்பது நான். எனக்குப் பொறாமை. எழுதிவிட்டேன், இருக்கட்டும். இல்லாத ஒருவர்மீது பொறாமைப்படுவதைவிடக் கேவலம் ஒரு பகுத்தறிவுக்காரிக்கு வேறு என்ன இருக்கிறது?

நாள் 405 — 10:00

அம்மா இறந்துவிட்டார். செய்தி 09:20க்கு வந்தது. எந்திரங்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன.

எங்கள் வீட்டில் சாவுக்குச் சடங்கு கிடையாது, இரங்கல் கூட்டம் உண்டு. இங்கே தலைவரும் நான்தான், கூட்டமும் நான்தான். தொலைநோக்கியின் கண்ணாடியைத் துடைத்தேன்.

பள்ளம், 09:48: “ராத்தா, என்ன சொல்லன்னு தெரியல. உங்க உம்மாவுக்காக அழுது கேட்டேன். நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியும். ஆனாலும் கேட்டேன்.”

என் அம்மாவுக்காக அவர் அழுதுவிட்டார். எனக்கு இன்னும் வரவில்லை.

நாள் 409 — 16:20

மின்சாரம் இருபத்தொன்பது. நேற்றைய கோணங்கள் ஐந்து.

இன்று சதக்கிடம் ஒன்று சொல்ல ஆரம்பித்தேன். வேறு யாரிடமும் சொன்னதில்லை. அம்மா சாவதற்குப் பத்து நாள் முன்பு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். அதை இங்கே அப்படியே எழுதுகிறேன்: “கண்ணு, நீ கெளம்புன அன்னைக்கு உங்கப்பாவுக்குத் தெரியாம மாரியம்மன் கோயிலுக்குப் போயி உன் பேர்ல அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். அம்பது வருசத்துக்கு மேல அது ஒண்ணுதான். தப்பா நெனைச்சுக்காத.”

நான் அனுப்பிய பதில் ஒரே சொல். “நீயுமா?” அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது.

இதைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ‘நான் பதிலுக்கு’ என்று வாயெடுத்தபோது அவர் இடைமறித்தார்.

பள்ளம், 15:31: “ராத்தா, மன்னிச்சுக்கோங்க, அஸர் தொழுகைக்கு நேரமாயிட்டு. ஒரு பத்தே நிமிசம். வந்துருதேன்.”

பத்து நிமிடம் ரேடியோவின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சரியாகப் பத்தாவது நிமிடம் வந்தார். “சொல்லுங்க ராத்தா” என்றார். ஒன்றுமில்லை, மறந்துவிட்டது என்றேன்.

இல்லாத கடவுள்கள் என் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், இவரையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எல்லோருக்கும் போக ஓர் இடம் இருக்கிறது. அந்த இடம் இல்லவே இல்லை என்று அறிந்தவள் நான் ஒருத்திதான், வாசலில் நிற்பதும் நான் ஒருத்திதான்.

நாள் 412 — 11:00

மின்சாரம் இருபத்தெட்டு. பள்ளத்தில் அடுத்த வாரம் நோன்பு தொடங்குகிறது. வேளைக்கு வேளை கேட்க வேண்டாம் என்று, அறுபது நாளுக்கான கோணங்களை மொத்தமாக அட்டவணை போட்டு அனுப்பினேன்.

பள்ளம், 10:52: “யா அல்லாஹ்! அறுபது நாளைக்கா? பெருநாளைக்குக்கூட எனக்கு யாரும் இப்படித் தந்ததில்ல ராத்தா.”

நாள் 414 — 09:15

இந்தக் குறிப்பில் பொய் எழுதக் கூடாது என்பது விதி. எழுதவில்லை. விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன்.

அட்டவணையில் உயரங்கள் சரி. திசைகள் தவறு. ஒவ்வொன்றிலும் ஒன்பது பாகை கூட்டியிருக்கிறேன்.

ஏன் ஒன்பது? பத்து என்றால் கண்ணில் பட்டுவிடும் என்று தோன்றியது. புயலில் வானம் தெரியாது, அவரால் சரிபார்க்க முடியாது. இந்த இரண்டு நாளாக அவர் வெறும் கல்லையும் வெற்று இருட்டையும் பார்த்துக் குனிந்து நிமிர்கிறார். மனநிறைவில் ஒரு குறையும் இல்லை. பார்த்தீர்களா, அங்கே கேட்க யாரும் இல்லை என்பதற்கு இதைவிடச் சோதனை வேண்டுமா என்று நேற்று முழுவதும் எனக்குள் வாதாடினேன். ஜெயித்தேன். இனிக்கவில்லை.

சோதனை என்பதெல்லாம் சும்மா. அவருக்கு அவ்வளவு இன்பமாக இருக்கும் ஒன்றில் என் விரல் அழுக்கு கொஞ்சம் படட்டும் என்று நினைத்தேன். அதுதான் காரணம்.

புயல் விலகியதும் சொல்லிவிடுவேன். சிரிப்பார். அவர் சிரிக்கக்கூடியவர்.

நாள் 420 — 13:40

மின்சாரம் இருபத்தாறு. நோன்பு தொடங்கி இரண்டாம் நாள்.

பள்ளம், 13:05: “மச்சான் மெசேஜ் போட்டிருந்தான் ராத்தா. ஒரு நாத்திகக்காரி சொல்லுத திசையப் பாத்தா தொழுவுதேன்னு கேட்டான். நான் சொன்னேன், அவங்களுக்குப் பயப்படுததுக்கு நரகமும் இல்ல, ஆசப்படுததுக்குச் சொர்க்கமும் இல்ல. அப்பவும் பொய் சொல்லாத ஆளு அவங்க. அப்படிப்பட்ட ஆளு சொல்லுத எண்ணவிட வேற எத நம்புததுன்னு கேட்டேன். வாய மூடிட்டான்.”

நானும் வாயை மூடிக்கொண்டேன்.

நாள் 431 — 12:25

எங்கள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டு பூமிக்குப் பேச்சைக் கடத்தும் சுற்றுகலம் இன்று காலை 07:40 முதல் மௌனம். மூன்று சுற்று காத்திருந்து பார்த்தேன். செத்துவிட்டது.

பயப்பட ஒன்றுமில்லை. என் பெரிய டிஷ் நேராகவே பூமியோடு பேசும். புயலில் அதன் மூட்டுகளில் புழுதி அடைத்திருக்கிறது, சுத்தம் செய்ய இரண்டு நாள் ஆகும். பள்ளத்தில் ஓர் அவசர டிஷ் இருக்கிறது, சின்னது, உள்ளே இருக்கும் பல்சக்கரக் கைப்பிடியால் திருப்புவது. கதிர் மிகக் குறுகல். இரண்டு பாகை விலகினாலும் பூமிக்கு ஒன்றும் கேட்காது.

நாள் 432 — 12:10

பள்ளம், 11:30: “ராத்தா, நீங்க அவ்வளவு பெரிய டிஷ்ஷ வெளிய போய்த் தொடைக்கணும்லா, வேண்டாமே. எங்கிட்ட சின்னது இருக்கு, உங்க அட்டவணை இருக்கு. நான் பூமிக்குப் பேசட்டா?”

இதுதான் இடம். “சதக், அதில் ஒன்பதைக் கழிச்சுக்குங்க” என்றால் முடிந்தது. நான்கே சொற்கள்.

சொல்லவில்லை. என்னைவிடப் பொய் சொல்லாதவர் இல்லை என்று ஒரு மனிதர் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தை எனக்கு வேறு யாரும் தந்ததில்லை. இன்னும் ஒருநாள் அதில் இருக்க ஆசைப்பட்டேன். “வேண்டாம், நானே பார்த்துக்கறேன்” என்றேன்.

நாளைக்குச் சொல்கிறேன்.

நாள் 433 — 17:50

மின் அறையில் தீ. 15:12. டிஷ்ஷின் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்ததும் பொறி தெறித்தது. அணைத்துவிட்டேன். இடது கை வெந்திருக்கிறது.

போனவை: பெரிய டிஷ். பிரதான பேட்டரி. சூரியப் பலகைகளின் இணைப்பு. டிரான்ஸ்மிட்டர். ரிசீவர் பிழைத்திருக்கிறது. அதாவது எனக்குக் கேட்கும், பேச முடியாது. வண்டி, உடை ரேடியோக்கள் அறுபது கிலோமீட்டர் எட்டாது.

எங்கள் இருவருக்கும் ஒரே வண்டி, அது என்னிடம் இருக்கிறது. அதன் பேட்டரியைக் கழற்றிக் காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரத்துக்குப் போட்டுவிட்டேன். இருபத்துநான்கு நாள் தாங்கும். இனி வண்டி ஓடாது. நடந்து போக உடையில் எட்டு மணி நேரக் காற்றுதான் பிடிக்கும்.

மேலே ஒரு சரக்குக் கலம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பேட்டரி, டிரான்ஸ்மிட்டர் எல்லாம் அதில் உண்டு. பூமியிலிருந்து கட்டளை வந்தால் நான்கு நாளில் என் வாசலில் இறங்கும். கட்டளை வர, யாராவது பூமிக்குச் சொல்ல வேண்டும். நாங்கள் பேசாமல் இருப்பதைப் புயல் என்றுதான் மையம் நினைக்கும். விதிப்படி நாற்பது நாள் பொறுப்பார்கள்.

தீ டிரான்ஸ்மிட்டரைத் தொடுவதற்குள் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. பதிவைப் போட்டுப் பார்த்தேன், பதினொரு விநாடி. நான் பேசியது இதுதான்: “சதக், தீ. பெரிய டிஷ் போச்சு. வண்டி பேட்டரியில காத்து ஓடுது, இருபத்திநாலு நாள். மையத்துக்குச் சொல்லுங்க. அப்புறம், சதக், அந்த அட்டவணை”

அதோடு அறுந்துவிட்டது. முதலில் சொல்ல வேண்டியதைக் கடைசியில் வைத்தேன்.

நாள் 434 — 16:00

பள்ளம், 15:40: “ராத்தா, கேக்குதா? கேக்குதுன்னு நெனச்சே பேசுதேன். கடைசியா அட்டவணைன்னீங்க. புரிஞ்சிட்டு. அதத்தான் வச்சிருக்கேன். அஸர் நேரத்து எண்ணுக்கு டிஷ்ஷத் திருப்பி வச்சு அனுப்பிட்டேன். பதில் வர நாப்பது நிமிசம். பொறுத்துக்கோங்க.”

கத்தினேன். சுவரைப் பார்த்துக் கத்தினேன்.

நாள் 437 — 16:15

காற்று: இருபது நாள்.

எரிந்த பாகங்களிலிருந்து ஒரு டிரான்ஸ்மிட்டர் கட்ட முயன்றேன். வெந்த கையால் சாலிடரிங் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. மூன்று முறை கட்டி, மூன்று முறையும் புகைந்தது. உதிரிகள் தீர்ந்துவிட்டன.

பள்ளம், 15:55: “இன்னைக்கும் பதில் இல்ல ராத்தா. எங்கிட்ட இருக்க மின்சாரத்துக்கு ஒரு நாளைக்கு ஒருதரம்தான் அனுப்ப முடியுது. அதனால டிஷ்ஷ அங்க இங்க திருப்பித் தேடிப் பாக்கவும் வழியில்ல. தேவையும் இல்ல. திசை உங்க கணக்கு. புழுதிதான் தடுக்குது போல. நாளைக்குக் கொஞ்சம் பவரக் கூட்டி அனுப்புதேன்.”

நாள் 442 — 16:30

காற்று: பதினைந்து நாள்.

பள்ளம், 16:02: “ரூம் ஹீட்டர நிப்பாட்டி அந்தக் கரண்ட டிஷ்ஷுக்குக் குடுத்திருக்கேன். குளிருதான், பரவாயில்ல. உடுப்புக்குள்ளயே இருக்கேன். நீங்க உசுரோட இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும் ராத்தா. எப்படின்னு கேட்டா சொல்லத் தெரியாது. நீங்க பதில் சொல்லலங்கிறதுக்காக நீங்க இல்லன்னு ஆயிருமா?”

இந்தப் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

அவர் பேசுகிறார். நான் ஒவ்வொரு சொல்லையும் கேட்கிறேன். பதில் சொல்ல முடியவில்லை. அவர் நான் இருப்பதாக நம்பித் தினமும் அதே நேரத்துக்கு வருகிறார். யார்மீது இத்தனை நாள் பொறாமைப்பட்டேனோ, அவருடைய நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். இவ்வளவு கொடுமையான இடம் என்று தெரிந்திருந்தால் பொறாமைப்பட்டிருக்க மாட்டேன்.

நாள் 449 — 16:20

காற்று: எட்டு நாள். தலைவலி.

பள்ளம், 15:58: “ராத்தா, அன்னைக்கு உங்க உம்மாவப் பத்தி என்னமோ சொல்ல வந்தீங்க. நான் பாதியில போயிட்டேன். மறந்துட்டுன்னு சொன்னீங்க, நீங்க எதையும் மறக்குத ஆளில்ல. அது உறுத்திக்கிட்டே இருக்கு. பத்து நிமிசம் கழிச்சுத் தொழுதிருந்தாலும் கூடியிருக்கும். நேரம் இருந்துச்சு. என் தப்புதான். சரியானதும் முழுசா சொல்லுங்க. எழுந்திரிக்காம கேக்குதேன்.”

இன்று அழுதேன். அம்மாவுக்கும் சேர்த்து வந்தது.

நாள் 453 — 16:40

காற்று: நான்கு நாள். கரியமில வாயு அளவு மேலே போகிறது. எழுத்து கோணலாக வரும், பொறுத்துக்கொள்ளவும்.

பள்ளம், 16:10. குரல் மெலிந்திருக்கிறது, பல் தந்தியடிக்கிறது: “ராத்தா, உண்மையச் சொல்லுதேன். இன்னைக்கு ஒரு நிமிசம் மனசு தடுமாறிட்டு. இருபது நாளா பதில் இல்லயே, திசை தப்பா இருக்குமோ, கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிப் பாப்போமான்னு கைய டிஷ் கைப்பிடிமேல வச்சுட்டேன்.”

நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். திருப்பு. இடப்பக்கம். திருப்பு.

“அப்புறம் வெக்கமாப் போச்சு. அந்தப் பொம்பள தூங்காம உக்காந்து போட்ட கணக்க, குளிருக்குப் பயந்து நான் சந்தேகப்படுததான்னு. கைய எடுத்துட்டேன். ஒரு டிகிரிகூட அசைக்கல ராத்தா. நீங்க தைரியமா இருங்க.”

நாள் 455 — 11:00

காற்று: இரண்டு நாள். குறையலாம்.

வாழ்நாள் முழுக்க ஊரைப் பார்த்துச் சொன்னது ஒன்றுதான். கேள்வி கேள். யார் சொன்னாலும் நம்பாதே, நான் சொன்னாலும் நம்பாதே. மேடை மேடையாகச் சொன்னேன். அவரிடம் மட்டும் அதைச் சொல்லவில்லை. அவர் நம்பியது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் கேள்வி கேட்காதவர் இல்லை. வட்டம் வரைந்தவர், பாகை குறித்தவர், தெரியும் வழி இருக்கும்போது தெரியாதது போல நிற்க மாட்டேன் என்றவர். அறிந்தவள் என்று என்னை நம்பினார். அவ்வளவுதான் அவர் செய்த தவறு. கணக்கைக் கெடுத்தது நம்பியவர் அல்ல. கணக்குத் தெரிந்தவள்.

நாள் 456 — 15:20

பள்ளம், 15:02. மெதுவாக: “ராத்தா. பேட்டரியில இன்னும் ஒருதரத்துக்குத்தான் இருக்கு. அஸருக்கு அனுப்புதேன். அதே திசை. அதோட என் ரேடியோவும் நின்னுரும். நோன்பு முடிஞ்சு இன்னையோட ஒம்பதாம் நாளு, பெருநாள் வாழ்த்து சொல்ல விட்டுப்போச்சு. உங்களுக்காகக் கேட்டுக்கிட்டே இருக்கேன்.”

அஸர் 15:31க்கு. இன்னும் பதினோரு நிமிடம்.

15:24

மண்டியிட்டேன். எழுதிவிடுகிறேன், யார் சிரித்தாலும் சிரிக்கட்டும். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. பூமி எங்கே என்று எனக்குத் தெரியும், ஆனால் அங்கே திரும்பவில்லை. பள்ளம் இருக்கும் பக்கம் திரும்பினேன். அம்மா கோயிலில் எப்படி நின்றிருப்பார்? கை எங்கே வைப்பது?

யார் இருக்கிறீர்களோ. இருந்தால். அவருக்கு என்மேல் சந்தேகம் வரச் செய்யுங்கள். வேறு ஒன்றும் வேண்டாம். காற்றுகூட வேண்டாம். ஒரே ஒரு சந்தேகம். ஒன்பது பாகை அளவு.

15:31

அனுப்புகிறார். டிஷ்ஷுக்கு மின்சாரம் போகும் உறுமல் கேட்கிறது. திருப்பும் பல்சக்கரச் சத்தத்துக்காகக் காது

கேட்கவில்லை. திருப்பவில்லை.

15:40 அல்லது 50

பள்ளம் நின்றுவிட்டது. இரைச்சல் மட்டும்.

இதைக் கண்டெடுப்பவரே, முதலில் என்னைப் பார்க்க வேண்டாம். பள்ளத்துக்குப் போங்கள். அவர் உயிரோடு இருந்தால், பாய் விரித்திருப்பார். பாயைச் சரியாகத் திருப்பிப் போடுங்கள். நான் சொன்னதாகச் சொல்லுங்கள். அட்டவணையில், மூன்றாவது பத்தி, எல்லா எண்ணிலும் ஒன்பதைக் கழி. சதக், ஒன்பதைக் கழி. அன்றைக்கு நான் சொல்ல வந்தது எங்கம்மா

ஒன்பதைக் கழி

ஒன்பதை